கன்னத்துக் கலங்கள்

அபிசா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அந்த வெட்கக்கேட்டைக் கேளுங்கள்.

நானாட்டான் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி. உயிருள்ளவை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கலங்களால் ஆனவை என்று காட்டுவதற்கு அபிசாவையும் கிருஷிகாவையும் ஒரே மேசையில் விட்டிருந்தார்கள். இருவரும் பற்குச்சியால் தத்தம் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி, நீலச்சாயம் விட்டு, ஆளுக்கொரு நுணுக்குக்காட்டியின் வில்லைக்கு அடியில் வைத்தார்கள். கிருஷிகாவுக்குக் கைப்பக்குவம் உண்டு. அபிசாவினதில் சாயம் கொட்டி அப்பிவிட்டது.

கிருஷிகாவின் தகப்பன் விடத்தல்தீவிலிருந்து வந்து சந்தையில் மீன் விற்பவர். அந்த ஒரு காரணத்துக்காகவே அபிசாவின் தாய் வசந்தமலர் போன தவணை ரீச்சரிடம் போய் மகளை அவளுக்குப் பக்கத்திலிருந்து எழுப்பி வேறு வாங்குக்கு மாற்றுவித்தாள். கரும்பலகை தெரியவில்லை என்று சிநேகிதியிடம் புளுகினாள் அபிசா. கிருஷிகா நம்பினாளோ என்னவோ, பழக்கத்தில் குறை வைக்கவில்லை.

கண்காட்சிக்கு வந்த வசந்தமலர், மகளுக்குக் கிட்ட இருந்த நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தாள். அது கிருஷிகாவினது.

"என்ன வடிவு! ஒவ்வொண்டும் தனித்தனியாத் தெரியுது. நடுவில பொட்டும் இருக்கு."

"அதுதான் கரு, அன்ரி. கலத்தை நடத்துறதே அதுதான்" என்றாள் கிருஷிகா.

வசந்தமலர் அவளை ஏறெடுத்தும் பாராமல் மற்றதில் குனிந்தாள்.

"இது உன்ரையோ? பார்க்கவே தெரியுது. என்ர மகளின்ர எவ்வளவு துப்புரவு!"

பின்னால் நின்ற பெற்றோர் சிரித்தார்கள். கிருஷிகா அபிசாவைப் பார்த்தாள். கோபமில்லை, இவள் சொல்வாள் என்று காத்திருந்தாள், அவ்வளவுதான். அபிசாவுக்குக் காது கொதித்தது. இத்தனை பேருக்கு முன்னால் அம்மாவை எப்படித் தலைகுனிய வைப்பது? மேசைவிரிப்பை இழுத்து நேராக்கினாள்.

"ஓம் அன்ரி" என்று கிருஷிகாவே சொல்லி, அடுத்தவருக்கு இடம் விட்டாள்.

வீட்டுக்குப் போகும் ஓட்டோ கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் திரும்பிய பிறகுதான் அபிசாவுக்கு வாய் வந்தது.

"அம்மா, நீங்கள் வடிவெண்டது கிருஷிகாவின்ர. பழுதானதுதான் என்ர."

வசந்தமலரின் முகம் செத்துப்போயிற்று.

"அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ ஓம் அன்ரி எண்டது?" சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "நான் தெரியாமச் சொல்லிப்போட்டன். நீ தெரிஞ்சுகொண்டெல்லோ பேசாம நிண்டனி."

வீடு வரும்வரை அபிசா தலையை நிமிர்த்தவில்லை.