முட்டிவலிக்கு ஒரு ஜெபம்

என் வீட்டுக்காரருக்கு முட்டியில் ஒரு கோளாறும் கிடையாது. மனிதர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் கெட்டுப்போன கட்டடத்துக்குத்தானே அவரைக் கூப்பிடுவார்கள்? பாதி ஆயுசை மாடிப்படியிலேயே ஏறி இறங்கிக் கழித்தவர், கால் இரண்டும் கல்லு மாதிரி. ஆனாலும் எங்கள் சபையே அந்த முட்டிக்காக உருகி உருகி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் என்னைச் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். எங்கள் மகன் வீட்டைவிட்டுப் போன பிறகுதான் தானாக உள்ளே வந்தார். போனான் என்று நாகரிகமாகச் சொல்கிறேன், விரட்டியது இவர்தான். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பேக்கரி வேலைக்குப் போகிறேன் என்று அவன் சொன்னதும், "இனிமே நீ என் பிள்ளையே இல்ல"ன்னு கத்திவிட்டார். அவனுக்கு மட்டும் ரோஷம் குறைச்சலா? பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். என்னோடு போனில் பேசுவான். அப்போது இவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒட்டுக்கேட்பார். போனை நீட்டினால் விருட்டென்று எழுந்து போய்விடுவார். எனக்கு வருகிற ஆத்திரத்தை என்னவென்று சொல்ல!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்ச் மாடி ஹாலில் ஜெபக்கூட்டம். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு விண்ணப்பம் சொல்வோம், மற்றவர்கள் அதற்காக ஜெபிப்பார்கள். முதல் தடவை இவர் முறை வந்தபோது தொண்டையைச் செருமினார். பிள்ளையைப் பற்றித்தான் சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"முட்டி வலிக்குது" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்புறம் நடந்த கூத்தைப் பார்க்கணுமே! தையல்கடை அக்கா தைலம் கொண்டுவந்தாள். ரிட்டயரான நர்ஸம்மா வீட்டுக்கே வந்து பேண்டேஜ் சுற்றிவிட்டார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற இவரும் நொண்ட ஆரம்பித்தார். ஒரு வாரம் வலது கால், மறுவாரம் இடது.

"ஏங்க, எந்தக் கால்னாவது முடிவு பண்ணுங்க. மானம் போகுது" என்றேன். தைலத்தை எடுத்து இரண்டு முட்டியிலும் தேய்த்துக்கொண்டார்.

போன வெள்ளிக்கிழமை நாங்கள் சர்ச்சுக்குள் நுழையும்போது பாஸ்டர் ஒற்றை ஆளாக ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார். பாதிப் படியில் பெட்டி சரிந்தது. இவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடி அதைத் தாங்கிப் பிடித்தார். மேலே நின்ற தையல்கடை அக்கா கையைத் தட்டினாள்.

"ஸ்தோத்திரம்! அண்ணனுக்கு முட்டி சரியாயிடுச்சு! எல்லாரும் வாங்க, அண்ணன் சாட்சி சொல்லப்போறாரு!"

ஆளாளுக்கு ஆமென் சொன்னார்கள். இவர் முகத்தில் ஈயாடவில்லை. கடவுள் குணமாக்கினார் என்று எல்லார் முன்னாலும் பொய்ச்சாட்சி சொல்ல வேண்டும், அல்லது உண்மையைச் சொல்ல வேண்டும். இவர் பாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலி அடுக்கியிருக்கும் சின்ன அறைக்குள் நுழைந்தார். நானும் பின்னாலேயே போனேன். கட்டிக்கிட்டவளாச்சே.

"பாஸ்டர், எனக்கு முட்டிவலியே கிடையாது."

எங்கள் பாஸ்டர் சின்ன வயசுக்காரர். சற்று நேரம் இவர் காலையே பார்த்தார். "நான் உங்க முட்டிக்காக உபவாசம் வேற இருந்தேன் பிரதர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கு அழுகை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத அழுகை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையையும் மாற்றாமல் சொன்னார். கடைசியில் பாஸ்டர் இவர் தோளில் கைவைத்து, "ஆண்டவரே, இவரை மன்னியும். அந்தப் பிள்ளை மனசையும் ஆத்தும்" என்று மட்டும் ஜெபித்தார்.

"இதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் பிரதர். சாட்சி இல்லைன்னு நானே வெளியில சொல்லிடறேன்."

"வேணாம். நானே சொல்றேன்" என்று இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சொன்னார். முட்டிப் பொய்யையும் பிள்ளையை விரட்டியதையும் எல்லார் முன்னாலும் சொன்னார். முதலில் பேசியது நர்ஸம்மா.

"கால்ல ஒண்ணும் இல்லைன்னு அன்னைக்கே தெரியும். ஆனா ஏதோ வலின்னும் தெரிஞ்சது. அதான் கட்டிவிட்டேன்."

தையல்கடை அக்கா மூக்கை உறிஞ்சினாள். "எங்க வீட்லயும் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்ல. நான் எத்தனை வாரமா தலைவலின்னு சொல்லிட்டு இருக்கேன்" என்றவள், "அதை விடுங்க, உங்க பையனுக்கு இப்பவே போன் பண்ணுங்கண்ணே" என்றாள்.

நான் என் போனில் நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் காதை ஒட்டி நின்றேன்.

இவர் விசும்பியதை நான் என்று நினைத்து, "என்னம்மா, அழுறியா? அப்பாகூட சண்டையா?" என்றான்.

"நான்தாண்டா."

பையன் பதறிப்போனான். "அம்மாவுக்கு ஏதாவது..."

"அவ நல்லாத்தான் இருக்கா. அன்னைக்கு உன்னை என் பிள்ளையே இல்லைன்னு சொன்னேன்ல... அது தப்புடா. கோவத்துல சொன்னேன்னு சாக்கு சொல்ல மாட்டேன். தப்பு பண்ணிட்டேன்."

யாரோ அவனை அதட்டிக் கூப்பிடும் குரல் கேட்டது.

"அப்பா, ஓவன்ல பன்னு இருக்கு, கருகிடும். எடுத்துட்டு வந்துடறேன். வச்சிடாதீங்கப்பா."

போனை மேஜையில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். ட்ரேக்கள் மோதும் சத்தம் மட்டும் வந்தது. இவர் இரண்டு கையாலும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "வைக்க மாட்டேன்டா, வைக்க மாட்டேன்டா" என்று அந்தச் சத்தத்திடம் சொல்லிக்கொண்டே இருந்தார். கூட்டம் முடிகிற நேரம் தாண்டிவிட்டது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.