அம்மனிடம் கேட்ட அப்கிரேடு

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதைக் கண்டாலும் இளங்கோவுக்குக் கை அரிக்கும். மோட்டாரோ மிக்ஸியோ பழுதாகிக் கிடந்தால் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டான். அதுவே ஒழுங்காக வேலை செய்தால் ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்துவிடுவான். நாமக்கல்லில் டிப்ளமா படித்துவிட்டு மலைக்குத் திரும்பியவன் என்பதால், அந்த மலையூரான வாழவந்தி நாட்டில் அவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. அவன் மனைவி பானுமதி மட்டும் கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்லி அவன் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் மிளகு காயவைக்கும் கொட்டகை இருந்தது. வெளியே விறகடுப்பு, அதன் சூட்டை உள்ளே தள்ள விசிறிகள். சூடு குறைந்தால் விசிறி ஓட வேண்டும், கூடினால் நிற்க வேண்டும். முன்பெல்லாம் சுவரில் ஒரு சுவிட்ச் இருந்தது. யார் அந்தப் பக்கம் போனாலும் தட்டிவிட்டுப் போவார்கள். இவ்வளவு சுலபமாக ஒரு வேலை நடப்பதை இளங்கோவால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சில வருடங்களுக்கு முன் அதை ஒரு சின்னக் கணினியிடம் ஒப்படைத்தான். சோப்பு டப்பாவுக்குள் அடங்குகிற கணினி. உண்மையில் சோப்பு டப்பாவுக்குள்தான் அதை வைத்திருந்தான். அதற்குள் அதை இயக்கும் லினக்ஸ், லினக்ஸுக்கு மேல் அவன் கல்லூரித் தோழன் சுபாஷ் எழுதிக் கொடுத்த புரோகிராம். விசிறியைப் போடவும் நிறுத்தவும் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது, அதை மட்டும் பிசகாமல் செய்தது. அந்தப் பூரிப்பில் இளங்கோ பழைய சுவிட்சைக் கழற்றி, அது இருந்த ஓட்டையைச் சிமெண்ட் பூசி அடைத்துவிட்டான்.

இந்தத் தை மாதத்தில் ஒருநாள் அவன் சும்மா இருக்கமாட்டாமல் அந்தக் கணினியை டிவியில் மாட்டிப் பார்த்தான். அதிலிருப்பது பழைய லினக்ஸ் என்பதும், அதைச் செய்தவர்கள் அதைக் கைகழுவிவிட்டார்கள் என்பதும், புதிது வந்து வெகுநாளாகிறது என்பதும் அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்கு விசிறியைப் போட்டுக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் கொட்டகைத் தட்டுகளில் கிடந்தது பானுமதியின் மிளகு. கல்யாணமாகி வந்த வருடம் சில்வர் ஓக் மரங்களின் அடியில் அவள் தன் கையால் நட்ட கொடிகள், இப்போதுதான் முதல்முறையாக நிறையக் காய்த்திருந்தன. கோடையில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியவள் அவள்தான். பாதிக் கொடிகளுக்கு வாடல் வந்தபோது அழுதவளும் அவள்தான். வெளியே பனிமூட்டம் விலகாத நாட்கள். வெயிலை நம்பிக் களத்தில் கொட்ட வழியில்லை. விசிறி நின்றால் மிளகு பூஞ்சை பிடித்துப் பூத்துப்போகும். அதன்பின் அள்ளிக் குப்பையில் போட வேண்டியதுதான்.

"ஏனுங்க, அது இப்ப ஓடுதுங்களா இல்லீங்களா?" என்றாள் பானுமதி.

"ஓடுது புள்ள. ஆனா பழசு."

"உங்கப்பாவுந்தான் பழசு. மாத்தவா போறீங்க?"

"பாதுகாப்பு இல்ல பானு. வெளிநாட்டுக்காரன் எவனாச்சும் உள்ளார பூந்துருவான்."

"பூந்து?"

இளங்கோ கொஞ்சம் யோசித்தான். "விசிறிய நிறுத்திப்போடுவான்."

"அதத்தான நீங்க பண்ணப் பாக்கறீங்க."

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, பஸ் நிறுத்தத்துப் பலாமரத்தடியைத் தவிர வேறெங்கும் சிக்னல் எட்டாத ஊருக்குள் நுழைந்து, இணையத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒரு சோப்பு டப்பாவை அந்த வெளிநாட்டுக்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான் என்று இளங்கோ சொல்லவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான்.

புருஷன் பெண்டாட்டிக்குள் தீராத வழக்கு அந்த ஊரில் மாரியம்மனிடம் போகும். கிணறு வெட்டவும் பெண் கொடுக்கவும் அவளிடம் பூப்போட்டுத்தான் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இலையில் மடித்துக் கட்டிக் குலுக்கி அம்மன் முன்னால் போட்டால், கேட்க வந்தவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆமாம், சிவப்பு வந்தால் இல்லை. லினக்ஸுக்கு இதுவரை யாரும் கேட்டதில்லை.

பூசாரி ராசப்பன் திருநீற்றுத் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஆத்தாகிட்ட என்னன்னு சொல்றது கண்ணு?"

"பொட்டியோட மூளைய மாத்தலாமான்னு கேளுங்க மாமா."

ராசப்பன் கேட்டார். இளங்கோ எடுத்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது. பானுமதி கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானாள்.

"இருங்க மாமா. முழுசா மாத்த வேண்டாம்னு சொல்றா போல. கொஞ்சமா மாத்தலாமான்னு கேளுங்க."

மறுபடியும் சிவப்பு. அம்மன் இரண்டு தடவை தெளிவாகச் சொல்லியும் இளங்கோ அசரவில்லை. படித்தவன் அல்லவா, பதில் சரியில்லை என்றால் கேள்வியைத்தான் மாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

"மாத்தாம உட்டா ஆபத்து வருமான்னு கேளுங்க மாமா."

வெள்ளை வந்தது. இளங்கோ சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிட்டான்.

"கேள்வி உன்னுது, பூ அவளுது. நடுவுல எனக்கு ஒன்னுந் தெரியாது" என்று ராசப்பன் தட்டை நீட்டினார். இத்தனை வருடமாக அவர் பூசாரியாக நீடிப்பது இந்த ஒரு வாக்கியத்தால்தான்.

திரும்பி வந்ததும் பானுமதி வீட்டு வாசலில் நின்று சொன்னாள். "ஆத்தா சொல்லிட்டா, நான் குறுக்க நிக்கல. எம்மொளகு காஞ்சு வெளிய வரட்டும். அப்பறம் என்னமோ பண்ணுங்க. அது மட்டும் எனக்குச் செய்யுங்க."

"சரி புள்ள" என்றான். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னான். அவளுடைய கொடிகள் மீது அவனுக்கும் பாசம் உண்டு.

அந்தப் பாசம் அவள் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் பஸ் ஏறும்வரை நீடித்தது. ஏற்கெனவே பலாமரத்தடியில் உட்கார்ந்து செல்போனில் இறக்கி வைத்திருந்த புது லினக்ஸை எடுத்தான். அரைமணி நேர வேலை, அவள் வருவதற்குள் முடிந்துவிடும், அவளுக்குத் தெரியவே வேண்டியதில்லை. கணினியிலிருந்த மெமரி கார்டைத் துடைத்து அதிலேயே புதியதை ஏற்றினான். நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. சாமியே உத்தரவு கொடுத்த பிறகு நகல் எதற்கு? சுபாஷின் புரோகிராம் மட்டும் பென்டிரைவில் தனியாக இருந்தது. அதையும் திரும்பப் போட்டான்.

அப்கிரேடு அருமையாக முடிந்தது. எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது, திரையில் ஏதோ ஒரு நாட்டின் ஏரிக்கரைப் படம் கண்ணைப் பறித்தது. எந்த வெளிநாட்டுக்காரனும் இனி உள்ளே நுழைய முடியாது. விசிறி மட்டும் ஓடவில்லை.

அவன் அணைத்துப் போட்டான். வயரைப் பிடுங்கிச் செருகினான். பலாமரத்துக்கு ஓடிச் சுபாஷுக்குப் போன் செய்தான்.

"அத எழுதுனது நானாடா?" என்றான் சுபாஷ். பிறகு மெல்ல ஞாபகம் வந்து, அது பழைய லினக்ஸுக்கு எழுதியது, புதியதில் ஓடவே ஓடாது, புதிதாகத்தான் எழுத வேண்டும் என்றான். "சரி, பழச காப்பி எடுத்து வெச்சிருப்பியே?"

இளங்கோ போனை வைத்துவிட்டான். கொட்டகைக்குத் திரும்பித் தட்டுக்குள் கையை விட்டான். மிளகு வெதுவெதுவென்று ஈரமாக இருந்தது. அப்போதுதான் அவனுக்கு உண்மையாகவே பயம் வந்தது. குடம் சுமந்து அவள் அந்த மேட்டில் ஏறி வருவது கண்முன் தெரிந்தது. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

சிமெண்ட் பூசிய சுவரை ஒருமுறை பார்த்தான். சுவரைக் கெஞ்சிப் பயனில்லை. வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து வந்து விசிறி வயரை அதில் மாட்டி, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

பானுமதி சந்தைப் பையோடு வந்தபோது அவன் சுவிட்சில் விரலை வைத்தபடி இருந்தான். அவள் டப்பாவைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு நேராகத் தட்டிடம் போய் ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போடுங்க" என்றாள்.

போட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து, "நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினான்.

அப்படியே நாட்கள் போயின. அவள் அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுப்பாள், மரவள்ளிக் காட்டிலிருந்து திரும்பும்போது குரல் கொடுப்பாள். அவன் ஸ்டூலை விட்டு எழவில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணாமலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "புதுசு போட்டீங்களாமா, எப்படீங்க ஓடுது?" என்று கேட்டார்.

"பழச விட நல்லாக் கேக்குதுங்க" என்றாள் பானுமதி. "சொன்ன ஒடனே செய்யுது. திருப்பிப் பேசறதில்ல."

மிளகு தப்பித்தது. கறுத்து, சுருங்கி, கையில் அள்ளினால் சலசலத்தது. அவள் அதைச் சாக்கில் கட்டும்போது இளங்கோவுக்குக் கண் கலங்கியது. கண்ணில் தூசி என்றான். அடுத்த பறிப்பு அன்றே தட்டில் ஏறியது.

அதே வாரம் சுபாஷ் தன்னிடம் எங்கோ கிடந்த பழைய லினக்ஸை ஒரு கார்டில் போட்டு, மலை ஏறும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினான். இளங்கோ அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடிவந்தான். "பானு, வந்துருச்சு. இதப் போட்டா பழையபடி அதுவே பாத்துக்கும். நான் எந்திரிச்சிருவேன்."

பானுமதி தட்டைப் பரப்பிக்கொண்டே யோசித்தாள். "இப்ப நல்லாத்தான ஓடுது? எதுக்குங்க மாத்தோணும்? எதுக்கும் ஆத்தாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்."

ராசப்பன் இந்தத் தடவை அவளிடம் கேட்டார். "என்னன்னு சொல்றது சாமி?"

"இப்ப ஓடறத மாத்தலாமான்னு கேளுங்க மாமா."

பொட்டலத்தை எடுத்தவள் அவள். இலையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். சிவப்பு.

இளங்கோ தொண்டையைச் செருமினான். "மாமா, இன்னொருக்கா கொஞ்சம் வேற மாதிரி கேட்டுப் பாக்கலாமுங்களா?"

ராசப்பன் பானுமதியைப் பார்த்தார். அவள் பூவைத் தலையில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ஆத்தாள எத்தன தடவதானுங்க தொந்தரவு பண்றது?" என்றாள். "வாங்க, கொட்டகையில அடுப்பு எரியுது."