ஸ்டூவர்ட்டின் சிடி

என் கார் ரிப்பேர். அதனால் உம்மாவை நெவார்க் ஏர்போர்ட்டிலிருந்து பார்சிப்பனிக்குக் கூட்டிவர என் மேனேஜர் ஸ்டூவர்ட்தான் வந்தார். யூதர், நல்ல மனுஷன். ஆனால் என் கிரீன் கார்டு அவர் கையெழுத்தில் நிற்கிறது.

ஃப்ரீவே ஏறியதும், தானே பாடி வெளியிட்ட சிடியைப் போட்டார். பழைய மெட்டுகளில் யூத வீட்டுக் கூத்துகளைக் கிண்டலடிக்கும் பாட்டுகள்.

சிரித்தால் யூதர்களைப் பார்த்துச் சிரிக்கிற முஸ்லிம். சிரிக்காவிட்டால் முறைக்கிற முஸ்லிம். இரட்டைக் கோபுரம் விழுந்து இரண்டே வருஷம் ஆன 2003-ல் இரண்டுமே எனக்குக் கட்டுப்படியாகாது. பல்லை மட்டும் காட்டி வைத்தேன்.

"என்னப்பா பாடுறாரு இவரு?" பின் சீட்டிலிருந்து உம்மா.

"ஒரு உம்மா மகன்கிட்ட சொல்றாங்க. நீ போன் பண்ணாட்டி பரவால்ல, நான் பட்டினியா இருட்டுல உக்காந்திருக்கேன், நீ சந்தோஷமா இருன்னு."

"இதுல சிரிக்க என்ன இருக்கு? அந்தம்மா சரியாத்தானே சொல்லிருக்கு."

ஸ்டூவர்ட் பாட்டை நிறுத்தினார். "என்ன சொன்னாங்க?"

அவசரத்துக்கு ஒரு பொய்கூட வரவில்லை. அப்படியே சொல்லிவிட்டேன்.

அவர் சிடியை வெளியே எடுத்தார்.

"சிடியக் கேட்டுட்டு எங்கம்மாவும் இதையேதான் சொன்னாங்க," என்றார். "அதுக்கப்புறம் என் போனை எடுக்கறதில்ல."