வாசலில் நின்ற ராடே

இன்று விடிவதற்கு முன் என் வீட்டு வாசலில் நின்று பன்னிரண்டு பெயர்களைச் சொன்னேன். ஒவ்வொரு பெயரோடும் "உள்ளே வா" என்றேன். வீட்டுக்கு உரியவர் அழைக்காமல் காட்டேரிகள் நுழைய முடியாது. மேட்டுக்காரர்கள் ஆறு பேர், சுரங்கத்தார் ஆறு பேர். பனியை உதறிவிட்டு வந்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர்களுடைய சமாதானப் பேச்சு பகலில்தான் நடக்கும். வெளியே வெயில் இருந்தால் பாதியில் யாரும் எழுந்து போக முடியாது.

செம்புச் சுரங்கங்கள் மூடியபின் எங்கள் பியூட் நகரில் ஆட்கள் குறைந்தார்கள். மிச்சமிருந்த இரத்தத்துக்காக இரண்டு கூட்டமும் அடித்துக்கொண்டன. நடுவில் தூது போக உயிருள்ள ஆள் ஒன்று வேண்டியிருந்தது. ஒன்பது வருடமாக அது நான்தான். இங்கே சொன்னதை அங்கே ஒரு சொல் மாற்றிச் சொல்வேன். யாராவது வருத்தம் தெரிவித்தால் அதை மட்டும் மறந்துவிடுவேன். நாற்பது காட்டேரிகள் பன்னிரண்டாகக் குறைந்தது அப்படித்தான்.

இரண்டு கூட்டமும் அடுத்துக் குறிவைத்திருந்தது என் தம்பி ராடேயை. அவன் வாழ வேண்டுமென்றால் இவர்களில் ஒருவரும் மிஞ்சக் கூடாது.

வீடு கைமாறினால் பழைய அழைப்பு செல்லாது. வீடே அவர்களை வெளியே எறிந்துவிடும். இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு விற்றுப்போன நாளில் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் என் வீட்டை ராடே பெயருக்கு எழுதினேன். இன்று நண்பகலில் பதிவு முடிந்ததும் அலுவலகத்திலிருந்து என் தோழி டார்லீன் போனில் ஒருமுறை மணியடித்து வைத்துவிட வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு மாலை இருட்டியபின் ராடே கையெழுத்துப் போட வந்தான். கதவு திறந்துதான் இருந்தது. அவன் படியிலேயே நின்றான்.

"ஏன்டா பனியில நிக்கிற?"

"கூப்பிடுவியான்னு பார்த்தேன்க்கா."

"துரையைப் பேண்டு வாத்தியம் வெச்சுக் கூப்பிடணுமோ? உள்ள வாடா."

வந்தான். வால்நட் ரொட்டியைத் தொடவில்லை. கையுறையைக் கழற்றாமலேயே கையெழுத்துப் போட்டான். திட்டம் முழுவதையும் சொன்னேன்.

"முடிஞ்சதும் ஸ்போகேன் போயிடலாம்டா. அங்க உன்னைத் தேடி யாரும் வர மாட்டாங்க."

அவன் பேனாவை மூடி மேசையில் வைத்தான். "சரிக்கா," என்றான். எங்கள் வீட்டில் எல்லோருமே குறைவாகப் பேசுகிறவர்கள். அந்த ஒற்றைச் சொல்லை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று பேச்சு வழக்கம்போலத்தான் தொடங்கியது.

"உங்க நாத்தம் தெருமுனைலயே தெரியுது, வைனோ. சுரங்கத்துல தண்ணியே கிடையாதா?" என்றாள் மேட்டுக்காரர்களின் தலைவி ஹோனோரா.

"உன் பல்லு ஆடுதுன்னு கேள்விப்பட்டேன்," என்றான் சுரங்கத்துத் தலைவன் வைனோ. "பாத்து, பேச்சு வேகத்துல கொட்டிடப் போகுது."

பன்னிரண்டு மணிக்குப் போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. நான் எழுந்து ஜன்னலோரம் போய்த் திரைச்சீலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"இது இப்ப என் வீடு இல்ல. நான் கூப்பிட்டது செல்லாது. எல்லாரும் வெளிய போங்க."

வைனோவுக்கு உடனே புரிந்தது. நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு கண்களை மூடினான். மற்றவர்கள் அசையவில்லை. வீடு யாரையும் எறியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வைனோ ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"யாருக்கு எழுதிக் குடுத்த, யெலிக்கா?" என்று கேட்டாள் ஹோனோரா.

"ராடேக்கு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அடிப் பைத்தியமே. அவனை நான் அக்டோபர்லயே எங்கள்ல ஒருத்தனா ஆக்கிட்டேனே. உன்கிட்ட சொல்லலையா?"

செத்தவனின் வீட்டுக்கு வாசற்படி கிடையாது. அழைப்பில்லாமலே எந்தக் காட்டேரியும் வரலாம், இருக்கலாம்.

வைனோவின் ஆள் ஒருவன் மேசையைத் தாண்டி என் கழுத்தை நோக்கிப் பாய்ந்தான். கயிற்றை இழுத்தேன். வெயிலும் பனியின் கூசும் வெளிச்சமும் சேர்ந்து உள்ளே விழுந்தன. அவன் சட்டை மட்டும் கம்பளத்தில் கிடந்தது, அதற்குள் சாம்பல். மற்றவர்கள் இருட்டான நடைவழிக்குள் பின்வாங்கினார்கள்.

"நாலரைக்கு இருட்டிடும், அம்மணி," என்றான் வைனோ. "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

பதினொரு பேரும் அங்கே தோளோடு தோள் உரச நின்றார்கள். ஒன்பது வருடமாக நான் பிரித்து வைத்தவர்கள்.

வெயிலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தெருக்கதவும் வெயில் பக்கம்தான் இருக்கிறது. கார் சாவி கோட்டுப் பையில். எழுந்து போனால் தடுக்க ஆளில்லை. நான் போகவில்லை. யாருக்காகப் போவது?

ஒன்பது வருடம் அந்த வாசலில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பேசினேன். தம்பியிடம் மட்டும் யோசிக்காமல் "வாடா" என்றுவிட்டேன். அவனும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் காப்பாற்ற இனி யாருமில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்த நம்பிக்கையை என்னிடமிருந்து பிடுங்க அவனுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

மணி மூன்றரை. வெளிச்சம் நாற்காலியின் காலளவுக்குச் சுருங்கிவிட்டது. இருட்டியதும் ராடே வருவான். இது அவன் வீடு, யாரும் அழைக்க வேண்டியதில்லை. ஆனாலும் படியிலேயே நிற்பான் என்றுதான் தோன்றுகிறது. நிற்கட்டும். அதுவரை எனக்கு உயிர் இருந்தால் கூப்பிடுவேன்.