வாகைகுளம் வேண்டாம்

மகன் எந்த விமான நிலையத்தில் இறங்க வேண்டும் என்று அடுப்படியில் நின்றுகொண்டே முடிவு செய்தவள் மேலப்பாளையத்தில் ஆபிதா பீவி ஒருத்திதான்.

காரணம் இல்லாமல் இல்லை. மகன் அனஸ் காயல்பட்டினத்தில் பெண் எடுத்தவன். அந்த ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை இருப்பது பெண் வீட்டில். போன தடவை துபாயிலிருந்து சென்னை வந்து, மாறி ஏறி, தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்தில் இறங்கினான். அங்கிருந்து மேலப்பாளையம் எட்டிப் பிடிக்கிற தூரம். ஆனால் மருமகள் ஹம்னா வீட்டார் வண்டியோடு வந்து அப்படியே காயலுக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பெற்றவளைப் பார்க்க மறுநாள் வந்தான், மாமியார் வீட்டு ஏப்பத்தோடு.

இந்தத் தடவை ஊர் மண்ணில் அவன் தின்னும் முதல் சோறு தன் கையால்தான் என்று பீவி வைராக்கியமாக இருந்தாள். மகனிடம் சொன்னது வேறு.

“திருவனந்தபுரத்துக்கு நேரா பிளேன் இருக்காம்லா வாப்பா. மாறி ஏறி ஏன் சீரழியுத?”

பக்கத்து வீட்டு ஆவுடைத்தாயிடம்தான் உண்மை வந்தது. “நாகர்கோவில், வள்ளியூர், நாங்குநேரி, அதுக்குப் பொறவு நம்ம வாசல். என்னைத் தாண்டாம காயலுக்கு எப்படிப் போவான்னு பாக்கேன்.”

“வாகைகுளம்னா ஒரு மணி நேரத்துல வீடு. இது அரை நாள் கார்லயே போயிருமே அக்கா. பாவம் பிள்ள.”

“தூரம் கூடுனா பசியும் கூடும்.”

அவன் திருவனந்தபுரத்தில் வந்திறங்கிய அன்று, நெய்ச்சோறு தம்மில் இருக்கும்போது போன் வந்தது.

“உம்மா, நாகர்கோவில் வந்தாச்சு. ஹம்னாவும் ஏர்போர்ட்டுக்கு வந்துட்டா.”

பீவி தம் போட்ட மூடியை இன்னும் அழுத்தி வைத்தாள். “இருக்கட்டும். வள்ளியூர் தாண்டுனதும் சொல்லு.”

“வள்ளியூர் பக்கம் வரல உம்மா. கடற்கரை ரோட்டுல போவலாம்னு ஹம்னா சொல்லுதா. கூடங்குளம், உவரி, திருச்செந்தூர், நேரா காயல். நாளைக்கு ஒங்களப் பாக்க வாரேன்.”

வாகைகுளமாக இருந்திருந்தால் அழுது புரண்டாவது இந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம். இப்போது பீவியே மகனைக் கூட்டிக்கொண்டு போய் மருமகள் வீட்டு ரோட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது.

“அந்தப் புள்ளைக்கு ரோடெல்லாம் அத்துப்படியா இருக்கே அக்கா,” என்றாள் ஆவுடைத்தாய். குரலில் வருத்தம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

“ஸ்டாண்டுல மணிராஜ் வாடகக் காரு நிக்குதான்னு பாரு,” என்றாள் பீவி.

நெய்ச்சோற்றுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் காயலில் போய் இறங்கியபோது மகன் வந்திருக்கவில்லை. பாதிக் கோபம் அங்கேயே தணிந்தது. சம்பந்தியம்மா கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது. பீவி வாசலை விட்டு நகரவில்லை.

கார் வந்தது. ஹம்னாதான் முதலில் இறங்கினாள், கையில் டிபன் கேரியரோடு.

“எப்ப வந்திய மாமி? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க வழியில சாப்பிட்டிருக்க மாட்டோமே. எங்க உம்மா கட்டித் தந்த இடியாப்பத்துல மச்சான் ஒண்ணுகூட மிச்சம் வைக்கல.”

அனஸ் சட்டியைப் பார்த்தான். உம்மாவின் முகத்தைப் பார்த்தான். கையைக் கழுவிக்கொண்டு பாயில் உட்கார்ந்தான்.

பீவி மலையாகப் போட்டாள். அவன் தின்னத் தின்ன அவள் கண் ஹம்னாவின் முகத்திலேயே இருந்தது. இரண்டாவது தடவை கரண்டி இறங்கியபோது, “போதும் உம்மா, மூச்சு முட்டுது,” என்றான்.

அது அவள் காதில் விழவில்லை.