வல்கோவின் கோஸ் தண்ணீர்

செவ்வாய், வியாழன் மாலைகளில் எங்களுக்கு இதய நோயாளிப் பராமரிப்பு வகுப்பு. பணி முடிந்ததும் சீருடையோடு மருத்துவமனையின் மாடிக் கூடத்துக்கு ஏறுவோம். பயிற்சிப் புள்ளிகள் சேராவிட்டால் நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள்; பாதிப் பேர் அதற்காகவே வருகிறார்கள். சொன்கா அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து காலுறை பின்னுவார். நான் முன் வரிசை. மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் அன்றன்றே எழுதி வைக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமைப் பாடம் இது. இதயம் பலவீனமானவரிடம் உப்பு ஆகாது என்று சொன்னால் மட்டும் போதாது. சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். சரியாகச் சொன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது.

"சரியாச் சொன்னாப் போதுமா?" என்று பின்னாலிருந்து சொன்கா அக்கா கேட்டார். "எங்க வீட்டுக்காரர் இனிமே குடிக்க மாட்டேன்னு வருஷக்கணக்கா சரியாத்தான் சொல்றாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பென்சேவா ஆசிரியையும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை நேராக வல்கோவின் கட்டிலுக்குப் போனேன். டான்யூப் ஆற்றில் மீன் பிடித்த மனிதர். கால்கள் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுவதால் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். நிக்கோலா திருநாளுக்குள் வீடு போக வேண்டும் என்பதே அவர் பேச்சு. மீனவர்களின் நாள் அது. அன்று அவர் கையால் வெட்டாமல் அந்த வீட்டில் யாரும் கெண்டை மீனைத் தொட்டதில்லை. உடம்பில் தேங்கிய நீர் வடிந்து எடை இறங்கினால் அனுப்புகிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எங்கள் பிரிவில் நோயாளிகள் வீட்டுச் சாப்பாட்டை இரட்டை ஜன்னலின் கண்ணாடிகளுக்கு நடுவே குளிரில் வைப்பார்கள். வல்கோவின் ஜன்னலில் ஒரு ஜாடி நிறைய கோஸ் தண்ணீர் இருந்தது. பீப்பாயில் முட்டைக்கோஸ் ஊறிய உப்பு நீர். குளிர்காலத்தில் எங்கள் வீட்டிலும் காலையில் ஆளுக்கொரு டம்ளர் உண்டு.

"அண்ணே, இதைக் குடிக்கக் கூடாது. முழுக்க உப்பு."

"உப்பா? இது மருந்தும்மா. ரத்தத்தைக் கழுவும்."

"என் பீப்பாயைக் குத்தம் சொன்ன மொத ஆளு நீதான் பாப்பா" என்றார் அவர் மனைவி மின்கா.

எதிலெல்லாம் உப்பு இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினேன். உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும், இதயத்தால் இறைக்க முடியாது, நுரையீரலில் ஏறும். பிறகு, "இப்ப நீங்க சொல்லுங்க" என்றேன்.

பள்ளிப் பிள்ளை மாதிரி விரல் மடக்கிச் சொன்னார். "பாலாடைக்கட்டி இல்ல. தொத்திறைச்சி இல்ல. கோஸ் தண்ணி இல்லவே இல்ல. பாஸா, டீச்சரம்மா?"

"பாஸ்" என்றேன். மின்கா ஜாடியை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எடை இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள், அப்படியும் ஏறியது. தினமும் கேட்டேன், தினமும் பிழையில்லாமல் ஒப்பித்தார். கட்டிலடியில் கலங்கலாக ஒரு பாட்டில் இருந்தது. "பேரிக்காய் வேகவெச்ச தண்ணி" என்றார் மின்கா. திறந்து முகர்ந்து பார்க்கத் தோன்றவில்லை. அவர்தான் சரியாகச் சொல்கிறாரே.

திருநாளுக்கு முந்தின நாள் விடியலில், நுரையீரலில் நீர் ஏறி வல்கோ இறந்தார்.

வகுப்பின் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது உப்பு. நோயாளியாக நடித்தவர் சொன்கா அக்கா. வல்கோவிடம் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில் வந்தன. வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. அக்கா விரல் மடக்கித் திருப்பிச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இப்படித்தான் செய்யணும்" என்று பென்சேவா ஆசிரியை மற்றவர்களிடம் சொன்னார். முழு மதிப்பெண்.

வல்கோ இறந்த நாற்பதாம் நாள் மின்கா எங்கள் பிரிவுக்கு வந்தார். இறந்தவர் பெயரால் கொடுக்க வேகவைத்த கோதுமையும் ரொட்டியும் கொண்டுவந்திருந்தார். கூடவே அந்தப் பாட்டில்.

"அன்னைக்கு இதுல இருந்தது பேரிக்காய்த் தண்ணி இல்லையே?" என்று கேட்டேன்.

"இல்ல பாப்பா. அப்படிச் சொல்லச் சொன்னதே அவருதான். 'அந்தப் பொண்ணு தொண்ட வத்தச் சொல்லிக்குடுக்குது. குடிக்கிறேன்னு தெரிஞ்சா மனசு நொந்துரும்'னாரு." டம்ளரில் ஊற்றினார். "ஒனக்குப் பயந்து பாதிதான் குடிச்சாரு. ஜாடி ஜன்னல்லயே இருந்திருந்தா பொழச்சிருப்பாரு. போகட்டும், ஒன்மேல எனக்குக் கோவம் இல்ல."

விளக்க வாயெடுத்தேன். உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். அதற்கு மேல் போகவில்லை. அந்தப் பாதிதான் அவரைக் கொன்றது என்றும் என்னால் சொல்ல முடியாது. தேய்ந்துபோன இதயம் அது. விளக்கிவிட்டுக் கேட்டால் மின்காவும் அழகாகத் திருப்பிச் சொல்வார்.

இறந்தவர் பெயரால் நீட்டுவதை மறுக்கக் கூடாது. "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லிக் குடித்தேன். எங்கள் வீட்டுக் கோஸ் தண்ணீரைவிடக் கரித்தது.

"நல்லா இருக்கா?" என்றார் மின்கா.

"நல்லா இருக்கு" என்றேன்.