கேட்டால் கையைத் தூக்குங்கள்

அம்மாவின் காது மிஷின் இரண்டையும் கம்ப்யூட்டரோடு இணைத்தபோது, பதினோரு மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது. பதினோரு மணிக்கு அவளைப் பெற்றவள் கடைக்கு வருகிறாள். பெற்றவளுக்குக் காது மந்தம். வளர்த்த அம்மா போய் ஐந்து வாரம் ஆகிறது. அம்மா போட்டிருந்த மிஷின் டப்பாவில் சும்மா கிடக்கிறது. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றால் பெற்றவள் கேட்கமாட்டாள். இதையே அவள் காதுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னது டிரைவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மனைவியை இழந்தவர். ஒரு வருடமாக அவளுக்கு வேண்டியவர். அதற்கு மேல் அந்த உறவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

அந்தக் காது மிஷின் கடையில் அவளுக்கு இது இருபத்திரண்டாவது வருடம். காது சோதிப்பதும், மிஷின் பொருத்துவதும், சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும் அவள் வேலை. படித்தது என்னவோ இரண்டு வருட டிப்ளமோதான். தெருவே அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டது. திருத்திப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

திரையில் கட்டங்கள் வந்தன. மூலையில் வழக்கமான அந்த வரியும் வந்தது. காது மிஷின் கோள்மூட்டும் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. கடைசியாகக் கம்ப்யூட்டரில் இணைத்த நாளிலிருந்து, மாட்டிய நாட்களை மட்டும் எடுத்து, ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் ஓடியது என்று அதுவே குறித்துவைத்துக்கொள்ளும். "பகல் பூரா போட்டிருக்கேன் டாக்டரம்மா, ஒண்ணும் கேக்கல" என்று சத்தியம் செய்யும் பெரியவர்களின் குட்டை அந்த ஒரு வரி உடைத்துவிடும். அவர்களைப் பார்த்து எத்தனையோ முறை அவள் சிரித்திருக்கிறாள்.

ஒரு நாளைக்கு மூன்றே முக்கால் மணி நேரம்.

வேறு யாருடையதையோ மாற்றி எடுத்துவிட்டோமோ என்று டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். அம்மாவுடையதுதான். அம்மா காலையில் எழுந்து முகம் கழுவியதும் மிஷினை மாட்டினால் படுக்கும்போதுதான் கழற்றுவாள். முன்பு பார்த்தபோதெல்லாம் பதினான்கு மணி நேரத்துக்குக் குறைந்ததே இல்லை. கடைசியாக இணைத்த தேதி பக்கத்திலேயே இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால். அன்று அவள் செய்த காரியம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்த மாதம்தான் பெற்றவள் முதல் முறையாகப் போன் செய்திருந்தாள். நாற்பத்தெட்டு வருடம் கழித்து. எங்கெங்கோ விசாரித்து, கடை நம்பரைப் பிடித்து, "நான்... உன்னைப் பெத்தவ பேசறேன்" என்றாள். அதன் பிறகு அநேகமாகத் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கே போன் வரும். பெற்றவளுக்குக் காது கேட்காததால் இவள் கத்திப் பேச வேண்டியிருந்தது. பெற்றவள் வைத்ததும் டிரைவர் கூப்பிடுவார். அவரோ ரகசியம் பேசினாலே இரண்டு தெருவுக்குக் கேட்கும். வீட்டில் இருப்பது இரண்டு அறை, நடுவில் ஒரு சுவர். அவள் கணவன் விட்டுப்போன பிறகு பதினாறு வருடமாக அம்மாவும் அவளும் மட்டுமே குடியிருந்த வீடு. அந்தச் சுவருக்கு அப்பால் எழுபத்தொன்பது வயது அம்மா படுத்திருந்தாள்.

சொல்லியிருக்கலாம். அம்மா ஒன்றும் ராட்சசி இல்லை. அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது அம்மாவேதான் உட்காரவைத்து, "நான் உன்னைப் பெக்கல, கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்று சொன்னாள். அழுது ஓய்ந்த பிறகு இன்னொன்றும் சொன்னாள். "என்னைக்காவது உன்னைத் தேடி யாராவது வந்தா போ. நான் தடுக்கமாட்டேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ, அது போதும்." வாழ்நாளில் அம்மா அவளிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. இந்த வயதில் அம்மாவைக் கலங்கடிக்க வேண்டாம், அடுத்த வாரம் சொல்லலாம், உடம்பு தேறட்டும், மழை விடட்டும் என்று நாள் கடத்தினாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சுத்தம் பண்ணித் தரேம்மா, கழட்டு" என்று மிஷினை வாங்கிக் கடைக்குக் கொண்டுவந்தாள். சத்தத்தை மூன்று படி குறைத்தாள். நேரே உட்கார்ந்து பேசினால் கேட்கும், சுவரைத் தாண்டிக் கேட்காது. அந்த அளவு அவளுக்கு அத்துப்படி. இருபத்திரண்டு வருடத் தொழில் அனுபவம் அன்றைக்கு நன்றாகவே கைகொடுத்தது. மாட்டிவிட்டு, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள். அம்மா அவள் வாயையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றாள்.

இப்போது அந்த மூன்றே முக்கால் மணி நேரத்தை அவள் பிரித்துப் பார்த்தாள். காலையில் இவள் கிளம்பும்வரை ஒன்றேகால் மணி நேரம். ஆறரைக்கு இவள் வீடு திரும்பியதிலிருந்து ஒன்பது மணிக்குப் போன் அடிக்கும்வரை இரண்டரை. கூட்டினால் சரியாக வந்தது. போன் அடித்ததும் அம்மா, "கண்ணு சொக்குதும்மா, நான் போய்ப் படுக்கறேன்" என்று எழுந்து போவாள். அவள் போய்க் கதவைச் சாத்தும்வரை காத்திருந்துதான் இவள் போனை எடுப்பாள்.

அப்படியென்றால் இவளோடு பேசுவதற்காக மட்டும் அம்மா மிஷினை மாட்டியிருக்கிறாள். மற்ற நேரம் அதனால் பிரயோஜனம் இல்லை என்று கழற்றிவைத்தாளா? அல்லது போன் வந்ததும், மகள் பேசுவது காதில் விழக் கூடாது என்று தானாகவே கழற்றிக்கொண்டாளா? முதலாவது என்றால் அம்மாவின் காதைப் பிடுங்கிய பாவி இவள். இரண்டாவது என்றால் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இரண்டில் எது என்று அந்த வரி சொல்லவில்லை. கேட்கலாம் என்றால் அம்மா இல்லை.

அவர்கள் வீட்டில் ஒரு விளையாட்டு இருந்தது. சோதனை அறையில் உட்காருகிறவர்களிடம் அவள் சொல்வது, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்பதுதான். முதல் தடவை சோதித்துக்கொண்டு வந்த நாளிலிருந்து அம்மா வீட்டிலும் அதைப் பிடித்துக்கொண்டாள். இவள் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் அம்மா வாயைத் திறக்கமாட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வகுப்பில் கை தூக்கும் பிள்ளை மாதிரி வலது கையை உயர்த்துவாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தக் கை உயரவில்லை. தோள்பட்டை வலிக்கிறதோ என்று தைலம் வாங்கிக் கொடுத்தாள் இவள்!

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மத்தியானம், அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒரு வழியாகச் சொல்லியும்விட்டாள். "அம்மா, என்னைப் பெத்தவங்க வந்திருக்காங்க." அம்மா கண்ணைத் திறந்து, "என்ன சொன்னே?" என்றாள். இன்னொரு முறை சொன்னால் போதும். காதருகே குனிந்து உரக்கச் சொல்லவும் அவளால் முடியும். "ஒண்ணுமில்லம்மா, தூங்கு" என்றாள். கேட்கவில்லை என்று தெரிந்ததும் தனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"டாக்டரம்மா, பேஷண்ட் ரெடி!" என்று டிரைவரின் குரல் முதலில் உள்ளே வந்தது, பின்னால் அவர் வந்தார். அவர் கையைப் பிடித்தபடி பெற்றவள் வந்தாள். அறுபத்தேழு வயது. ஆஸ்பத்திரிச் சலவை அறையில் ராட்சத மெஷின்களுக்கு நடுவே முப்பது வருடம் வேலை பார்த்ததில் காது போயிருந்தது. சோப்பிலும் பிளீச்சிங் பவுடரிலும் ஊறி விரல் நுனிகள் வெளுத்துப்போயிருந்தன. பத்தொன்பது வயதில், கல்யாணம் ஆகாமல், பெற்ற மூன்றாம் நாள் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனவள். எப்போது வந்தாலும் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவாள், யாரோ எழுப்பிவிடப் போகிற மாதிரி.

"நல்லா சாஞ்சு உட்காருங்க" என்று இவள் காதருகே குனிந்து சொன்னாள். எட்டு மாதமாகியும் பெற்றவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இங்க பாருங்க', 'கேக்குதா' என்றே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பெற்றவள் மேஜைமேல் இருந்த மிஷினைப் பார்த்தாள். "இது அவங்க போட்டிருந்ததா?"

"ஆமா. காதுக்குள்ள போற முனை மட்டும் புதுசு."

"நான் தொடலாமா?" தொட்டுப் பார்த்துவிட்டு முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள். "நான் போன் பண்ற விஷயம் தெரிஞ்சு அவங்க சந்தோஷப்பட்டாங்கன்னு சொன்னியே, அன்னைக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன். இப்ப பாரு, காதையும் எனக்குன்னு விட்டுட்டுப் போயிருக்காங்க. அவங்க மனசு யாருக்கும்மா வரும்?"

அது அவள் சொன்ன இன்னொரு பொய். போனில் பெற்றவள் திரும்பத் திரும்பக் கேட்டபோது, 'சொல்லிட்டேன், ரொம்ப சந்தோஷப்பட்டாங்க' என்று சொல்லிவைத்திருந்தாள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு இரண்டு அம்மாக்களையும் ஏமாற்றியிருக்கிறாள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"ஏன் முகம் இப்படி இருக்கு?" என்றார் டிரைவர், அவருடைய கணக்கில் மெதுவாக. "ராத்திரி தூங்கலையா?"

"ஒண்ணுமில்ல" என்றாள். இந்த வார்த்தையைத்தானே அம்மாவிடமும் சொன்னோம் என்று உடனே உறைத்தது.

கம்ப்யூட்டர் கேட்டது: புதிய நபர், பழைய பதிவை அழிக்கலாமா? ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். வழக்கமாக யோசிக்காமல் 'ஆம்' அழுத்துவாள். இன்றைக்கு 'இல்லை' அழுத்தினாள். அம்மாவின் மணி நேரங்களுக்கு மேலேயே பெற்றவளின் மணி நேரங்களும் ஏறட்டும். மூன்று படி குறைத்ததை ஏற்றி, இன்னும் இரண்டு படி கூட்டினாள். பிறகு எழுந்து பெற்றவளின் நரைத்த முடியை ஒதுக்கி, இரண்டு காதிலும் மாட்டினாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மிஷின் மாட்டியதும் முதல் குரல் கடைக்காரர் குரலாக இருக்கக் கூடாது. கூட வந்த சொந்தக்காரர்தான் பேச வேண்டும். வாயசைவைப் பார்த்து ஊகிக்காமல் இருக்க, முதுகுக்குப் பின்னால் நின்று, வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படிக் கூப்பிட வேண்டும். கேட்டால் உட்கார்ந்திருப்பவர் கையைத் தூக்குவார். பேரப்பிள்ளையின் குரல் கேட்டு அழுதவர்களுக்காக மேஜையில் எப்போதும் டிஷ்யூ பெட்டி ஒன்று இருக்கும்.

"நான் கூப்பிடட்டுமா?" என்றார் டிரைவர் ஆர்வமாக.

"நீங்க கூப்பிட்டா மிஷினே இல்லாம கேட்டுடும்" என்றாள். அவர் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை. "நான்தான் கூப்பிடணும். நீங்க இங்கயே இருங்க. உங்களுக்கும் தெரியணும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

அவள் பெற்றவளிடம் குனிந்து, "கேட்டா கையைத் தூக்குங்க" என்று சைகையோடு சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றாள். நான்கு அடி தூரம். தரையில் அதற்கென்று ஒட்டிய மஞ்சள் டேப் தேய்ந்து கிடந்தது. ஆயிரம் பேரை அங்கே நிற்கவைத்திருக்கிறாள், தான் ஒரு நாளும் நின்றதில்லை. முன்னால் தெரிந்தது ஒரு கிழவியின் முதுகும், காதுக்குப் பின்னால் அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சாம்பல்நிற மிஷினும்தான். இடது பக்க மிஷினில் அம்மா ஒரு தடவை கீழே போட்டதில் விழுந்த கீறல் அப்படியே இருந்தது.

"அம்மா" என்றாள்.

முதுகு அசையவில்லை. பாதியில் நிறுத்த அவளால் முடியவில்லை.

"என்னைத் தேடி ஒருத்தங்க வந்திருக்காங்கம்மா. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போன்னு கேட்டியே. நான் சொல்லல. சொன்னேன்னு அவங்ககிட்ட பொய் சொன்னேன். உன் காதைக் குறைச்சு வச்சுட்டு, அடுத்த ரூம்ல உட்கார்ந்து பேசினேன். இவரைப் பத்தியும் சொல்லல. கடைசியில நீ 'என்ன சொன்னே'ன்னு கேட்டப்பக்கூட..."

சுவரோரம் நின்ற டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தத்துக்குப் பெற்றவளின் தலை லேசாக அந்தப் பக்கம் திரும்பி, மறுபடி நேரானது.

பிறகு நாற்காலிக் கையிலிருந்து அவள் வலது கை மெல்ல எழுந்தது. தோளைத் தாண்டி, காதைத் தாண்டி மேலே போய் நின்றது. பெற்றவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையையும் இறக்கவில்லை.